இளஞ்சிவப்புச் சாம்பல்

தேனு,

நாங்கள் இங்கே நலம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன், அடித்துவிட்டேன். உன் அப்பா நலம். நேற்றும் மழையில் நனைந்தபடி கொள்ளிடம் பாலம் வரை நடந்துவிட்டு வந்து, தும்மிக்கொண்டே பேப்பர் படிக்கிறார். நான்தான் நலமில்லை. சுகர் ஏறிவிட்டதோ, பிரஷரோ என்று பதறாதே, உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் ஒன்று சொன்னேன் அல்லவா, அது தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. சாதம் உருட்டி விழுங்கினால் போகிற முள் இல்லை இது. போனிலேயே பேசிவிடலாம்தான். ஆனால் போனை எடுத்தால் நான் உன்னைப் பேச விடமாட்டேன், நடுவில் அழுதும் வைப்பேன், நீ பயந்துபோய் "விடும்மா, விடும்மா" என்று என்னைச் சமாதானப்படுத்தப் பார்ப்பாய். சமாதானம் எனக்கு வேண்டாம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், முடித்ததும் பக்கங்களைப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன். இன்று புதன்கிழமை காலை. கறிகாய் இன்னும் நறுக்கவில்லை. நறுக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிப்போகாது, ரசம் போதும்.

ஞாயிறு மதியம் நான் சுண்டைக்காய் வறுத்துக்கொண்டிருந்தபோது நீ கூப்பிட்டாய். "அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா? இல்லன்னா பேசறேன்" என்றாய். அந்தக் குரலைக் கேட்டதுமே அடுப்பை அணைத்துவிட்டேன். காதல், கல்யாணம் என்று ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். பெற்றவள் புத்தி அப்படித்தான் ஓடும். நீயோ, "நம்ம மருந்து, அந்த என்சைமே இல்லாத செல்லையும் கொல்லுதும்மா. மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன்" என்றாய். நான் முப்பது வருடத்துக்கு மேல் கெமிஸ்ட்ரி லேபில் குழாய் கழுவியவள். நீ சொன்னது எனக்கு உடனே புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எனக்குப் புரிந்தது சரிதானா என்று நீயே பார்த்துக்கொள். போன பொங்கலுக்கு முந்தைய பொங்கலுக்கு வந்தபோது, உன் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டே, "அப்படி என்னதான்டி ஆராய்ச்சி பண்ற, வாயில நுழையற மாதிரி சொல்லு" என்று கேட்டேன். நீ என் கையைக் காட்டியே சொன்னாய். "செல்லுக்குள்ள ராஸ்னு ஒரு புரோட்டீன் இருக்கும்மா. 'வளரு, வளரு'ன்னு சொல்றது அதோட வேலை. ஆனா செல்லோட ஓரத்துல ஒரு சவ்வு இருக்குல்ல, அதுல போய் உக்காந்தாதான் அதோட பேச்சு எடுபடும். அங்க அனுப்பறதுக்கு அதை ஜோடிக்கணும், நீ எனக்குப் பண்ற மாதிரி. முதல்ல எண்ணெய்ப் பசையா ஒரு வால் ஒட்டுவாங்க. அப்புறம் நுனியைக் கொஞ்சம் வெட்டி விடுவாங்க. கடைசியா அந்த வெட்டின நுனியில சின்னதா ஒரு பொட்டு. அதான் மெத்தில். அந்தப் பொட்டு வெக்கிற ஆளுதான் எங்க என்சைம்." பொட்டு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஓரத்துல சரியா ஒட்டாதும்மா, நடுவுலயே அலைஞ்சுக்கிட்டு இருக்கும். நிறைய கேன்சர்ல இந்த ராஸ் வாய் ஓயாம கத்திக்கிட்டே இருக்கும். பொட்டு வெக்கிற கையைப் புடிச்சுட்டா அதோட சத்தம் அடங்கும்." அந்தக் கையைப் பிடிக்கிற மருந்துக்குத் தடுப்பான் என்று பெயர் சொன்னாய். நான் பின்னலை இறுக்கிவிட்டு, உன் மோவாயைத் தூக்கி, கண்ணாடி முன் நிறுத்தி ஒரு பொட்டு வைத்தேன். "உங்க என்சைமுக்கு நான் அக்கா முறை" என்றேன். நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த என்சைம் மற்றவை மாதிரி தண்ணீரில் மிதப்பதில்லை, செல்லுக்குள் இருக்கும் இன்னொரு சவ்வில் உள்ளும் புறமுமாகப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், வெளியே இழுத்தால் வேலை செய்யாமல் படுத்துவிடும் என்பாய். அதோடு நீ மூன்று வருடம் மல்லுக்கட்டினாய். தீபாவளிக்கு வந்தும் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு அதைத்தான் யோசித்தாய். அதன் முழுப்பெயரை நான் மனப்பாடமே செய்துவிட்டேன். ஐசோபிரினைல்சிஸ்டீன் கார்பாக்சில் மெத்தில்டிரான்ஸ்ஃபெரேஸ். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் ஒருமுறை மூச்சு விடாமல் சொல்லிக் காட்டினேன். அவள், "எந்த ஸ்தலத்துப் பெருமாள் பேருங்க இது?" என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருந்து அந்தக் கையைப் பிடிப்பதால்தான் புற்றுசெல் சாகிறது என்று நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள். அப்படியானால் அந்தக் கையே இல்லாத செல்லை மருந்து ஒன்றும் செய்யக்கூடாது. இல்லாத கையை எப்படிப் பிடிப்பது? அந்த என்சைமின் மரபணுவை எடுத்துவிட்ட செல்கள் வேறொரு லேபிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்தன. நீ தனியாக உட்கார்ந்து அவற்றில் மருந்தைப் போட்டுப் பார்த்தாய். அவையும் அதே மாதிரி செத்தன. ஆக மருந்து கொல்வது வேறு ஏதோ வழியில், எந்த வழி என்று யாருக்கும் தெரியாது. உன் கைடு சாருக்கு இன்னும் தெரியாது. கட்டுரை வியாழக்கிழமை பத்திரிகைக்குப் போகிறது. அதை நம்பித்தான் ஜெர்மனிக்காரர்கள் உனக்கு அங்கே ஆராய்ச்சிக்கு இடம் வைத்திருக்கிறார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "சொல்லாம விட்டா இப்போதைக்கு யாருக்கும் தெரியாதும்மா. நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாய்.

அதற்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், குறைத்து எழுத மாட்டேன். "அதை ஏன்டி போய் போட்டுப் பாத்த? யாராவது கேட்டாங்களா? பொழைக்கத் தெரியாதவ. கேக்காத கேள்விக்கு நீ எதுக்கு பதில் சொல்லணும்? வாயை மூடிக்கிட்டு இரு, பேப்பர் போகட்டும். ஊர்ல இருக்கறவன்லாம் என்னென்னமோ பண்றான்" என்றேன். நீ "சரிம்மா" என்றாய். ஒரு புடவைக் கலருக்குக்கூட என்னோடு அரை மணி நேரம் சண்டை போடுகிறவள் நீ. நான் சொன்னதற்கு ஒரே தடவையில் சரி என்று நீ சொன்னது அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டு மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தேன். சுண்டைக்காய் கருகிவிட்டது. அப்பா வந்து, "என்ன, தீயற வாசனை?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

அந்தப் பேச்சு என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்து நினைத்து இரண்டு நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை. பழக்கம் இல்லாதவளுக்கு அவ்வளவு சுலபமாக வராது. எனக்குப் பழக்கம் இருக்கிறது, தேனு. இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

நீ என் வயிற்றில் ஏழு மாதம். நான் கல்லூரி லேபில் தற்காலிகமாக வேலை பார்த்த காலம். அடுத்த கமிட்டியில் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். பி.எஸ்சி. பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக பிராக்டிகல் பரீட்சை வந்தது. உனக்குத் தெரியும், ஒவ்வொரு பிள்ளைக்கும் நம்பர் போட்ட சின்ன பாட்டிலில் ஒரு உப்பு கொடுப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று சோதித்துக் கண்டுபிடித்து எழுத வேண்டும். எந்த நம்பரில் எந்த உப்பு என்ற பட்டியல் வெளியூரிலிருந்து வரும் பரீட்சகர் கையில் இருக்கும். பாட்டில்களை நிரப்பி, பட்டியலை எழுதித் தருவது என் வேலை. அன்று காலை கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல் வெறும் காலோடு லேபுக்குள் நடந்துகொண்டிருந்தேன். பதினேழாம் நம்பர் பாட்டில் காலியாக இருந்தது. பட்டியலில் அதற்கு ஜிங்க் சல்பேட் என்று எழுதியிருந்தேன். மேல்தட்டிலிருந்த ஜாடியை எட்டி எடுத்து, நிரப்பி, மூடி வைத்தேன். நீ உள்ளே ஒரு உதை விட்டாய். "இருடி, வரேன்" என்று உன்னிடம் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது.

பதினேழு செல்வராணிக்கு வந்தது. ஜீயபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். அப்பா வாழை போட்டிருந்தார். மற்ற பிள்ளைகள் சோதனைக் குழாயை வைத்துவிட்டு ஓடினால், அவள் நின்று கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒரு வேலையைத் தொட்டால் கை நடுங்காது. அன்றும் கரைசலில் கோபால்ட் நைட்ரேட் விட்டு, வடிதாளை நனைத்து, இடுக்கியில் பிடித்து எரித்தாள். ஜிங்க் இருந்தால் சாம்பல் பச்சையாக வரும். மக்னீசியம் இருந்தால் இளஞ்சிவப்பு. அவளுக்கு வந்தது இளஞ்சிவப்பு, நல்ல துலக்கமான இளஞ்சிவப்பு. அதை என் பக்கம் திருப்பிக் காட்டி லேசாகச் சிரித்தாள். நானும் தலையாட்டினேன். பட்டியலில் அந்த நம்பருக்கு என்ன எழுதினேன் என்று அந்த நிமிடம் எனக்கு ஞாபகம் இல்லை.

பரீட்சகர் வந்து, "என்னம்மா சால்ட்?" என்று கேட்டார். "மக்னீசியம் சல்பேட் சார்." அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை பண்ணிப் பாரு, அவசரமில்ல" என்றார். கெட்ட மனிதர் இல்லை, வாய்ப்புக் கொடுத்தார். மறுபடி செய்தாள், மறுபடியும் இளஞ்சிவப்பு. மற்றவர்களாக இருந்தால் பரீட்சகர் முகத்தைப் பார்த்தே விடையை மாற்றியிருப்பார்கள். அவள், "எனக்கு மக்னீசியம்தான் சார் வருது" என்று நின்றாள். "கை சுத்தம் இல்லம்மா. குழாயை ஒழுங்கா கழுவியிருக்க மாட்ட" என்று சொல்லிவிட்டுத் தாளில் கோடு போட்டார். அவளைப் பார்த்துக் கை சுத்தம் இல்லை என்றார், கேட்டாயா? அதற்குப் பிறகு வாய்மொழிக் கேள்வியில் அவளுக்கு நாக்கு எழவில்லை. ஃபெயில்.

மத்தியானம் எல்லோரும் போன பிறகு, ஜாடிகளைத் துடைத்துத் திரும்பத் தட்டில் அடுக்கினேன். ஜிங்க் சல்பேட் ஜாடியின் மூடியில் ஒட்டியிருந்த மெழுகு அப்படியே இருந்தது. அதை அன்று யாரும் திறக்கவே இல்லை. பக்கத்தில் மக்னீசியம் சல்பேட் ஜாடி, ஒரே அளவு, ஒரே மாதிரி சர்க்கரை போன்ற வெள்ளைப் படிகம். காலையில் நான் எட்டி எடுத்தது அதைத்தான். பரீட்சகர் துறைத்தலைவர் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். மதிப்பெண் தாள் இன்னும் உறைக்குள் போகவில்லை. இருபது அடி நடந்து, "சார், தப்பு என்னுது" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் அந்த இருபது அடியை நடக்கவில்லை. பதினேழாம் நம்பர் பாட்டிலை எடுத்துத் தொட்டியில் கொட்டிக் கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நாலு மாதத்தில் வேலை நிரந்தரம் ஆயிற்று. அதற்குள் நீயும் பிறந்துவிட்டாய், உனக்காகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வசதியாகப் போயிற்று. பச்சைக் குழந்தை மேல் பழியைப் போட்டவள் நான்.

ஒருமுறை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டால், பிறகு வீட்டில் யார் சோற்றைக் கிளறினாலும் கோபம் வரும். உனக்கு ஏழு வயதிருக்கும்போது, லீவு நாளில் உன்னை லேபுக்குக் கூட்டிப்போனேன். நீ ஒரு பியூரெட்டை உடைத்துவிட்டாய். ஒளியவில்லை, மறைக்கவில்லை. ஓடி வந்து, "அம்மா, நான்தான் உடைச்சேன், கையில இருந்து நழுவிடுச்சு" என்றாய். நான் பளாரென்று அறைந்தேன். உடைத்ததற்கு அறைந்தேன் என்றுதான் நீ இத்தனை நாள் நினைத்திருப்பாய். கண்ணாடி உடைவது எங்களுக்கு அன்றாடம் நடப்பது, அதற்கு யார் அடிப்பார்கள்? ஏழு வயசுக் குழந்தைக்கு வாயில் சுலபமாக வந்தது எனக்கு வரவில்லையே என்ற எரிச்சல்தான் என் கையில் இறங்கியது. நீ அழாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தக் கன்னத்தை இப்போது ஹைதராபாத் வரை கை நீட்டித் தடவ முடியுமென்றால் தடவுவேன், கண்ணு. அது உன் தப்பில்லை.

செல்வராணி என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. தெரியும். அந்த ஒரு பேப்பரால் எம்.எஸ்சி.யில் இடம் போயிற்று. அடுத்த வருடம் எழுதி பாஸ் செய்வதற்குள் கல்யாணம் பேசிவிட்டார்கள். இப்போது எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறாள், வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். ஜங்ஷனில் இரண்டு மூன்று தடவை என்னைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நல்லாருக்கீங்களா? பொண்ணு என்ன படிக்குது? வீட்டுக்கு வாங்கக்கா, சர்ச் பக்கத்துத் தெருதான், டியூஷன் போர்டு போட்டிருக்கேன்" என்பாள். நான் பஸ் வந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். ஒரு தடவை வராத பஸ்ஸுக்கு ஓடினேன்.

நேற்று போனேன். உன் அப்பாவிடம் கண் டாக்டர் என்று பொய் சொல்லிவிட்டு, ஜங்ஷன் போய் பஸ் மாறிப் போனேன். போர்டில் எல்லாப் பாடமும் எழுதி, கடைசியில் 'கெமிஸ்ட்ரி தவிர' என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் திரும்பிவிடலாம் என்றுதான் கால் இழுத்தது. அதற்குள் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். "அக்கா, வாங்க வாங்க" என்று செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு வந்துவிட்டாள். தலை பாதி நரைத்திருந்தது. உள்ளே அவள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஜீயபுரத்து வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு வந்து இருக்கிறாராம், காது சுத்தமாகக் கேட்காது. காபி போடுகிறேன் என்று போனவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். காபி குடித்துவிட்டால் எனக்கு வாய் வராது என்று தெரியும்.

சொன்னேன். பாட்டிலை நிரப்பியதிலிருந்து தொட்டியில் கழுவியது வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். நான் முடித்த பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப, என் சால்ட் சரிதானாக்கா?"

சரிதான் என்றேன். "மக்னீசியம்தானே?" மக்னீசியம்தான் என்றேன். "நான் குழாயைக் கழுவினேன்க்கா. காச்சி வடிச்ச தண்ணியில மூணு தடவை கழுவினேன். இத்தனை வருஷமா எந்தத் தடவை சரியா கழுவலைன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்" என்றாள். தேனு, அவள் படிப்பு போனது எனக்குத் தெரியும். வேலைக்குப் போக முடியாமல் போனதும் தெரியும். ஆனால் இத்தனை வருடம் தினம் தினம் தன் கையையே சந்தேகப்பட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. அது நான் செய்தது.

பிறகு எழுந்து போய் அவள் அப்பாவின் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள். "அப்பா, என் சால்ட் சரிதானாம்ப்பா. அக்கா வந்து சொல்றாங்க." அவர் டிவியிலிருந்து திரும்பி, "எந்த உப்பு?" என்றார். "பரீட்சையில, காலேஜ்ல, நான் ஃபெயிலானேனே." அவர், "நீ எங்க ஃபெயிலான? நீ நல்லா படிக்கிற புள்ளையாச்சே" என்றார். அவருக்கு ஞாபகமே இல்லை. செல்வராணி சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது, நான் எழுந்து அவள் முதுகைத் தொட்டேன். கையைத் தட்டிவிடவில்லை, ஆனால் சாய்ந்துகொள்ளவும் இல்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். என்னைத் திட்டவில்லை, மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை, நானும் கேட்கவில்லை.

நான் கிளம்பும்போது ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து நீட்டினாள். "எழுதிக் குடுங்கக்கா" என்றாள். யாரிடம் காட்டப்போகிறாய் என்று கேட்டேன். "யாருக்கும் இல்ல. எனக்கு வேணும்" என்றாள். எழுதினேன். பதினேழாம் எண் பாட்டிலில் இருந்தது மக்னீசியம் சல்பேட், மாணவி கண்டுபிடித்தது சரி, தவறு பாட்டிலை நிரப்பிய என்னுடையது என்று எழுதி, பெயர் போட்டுக் கையெழுத்து வைத்தேன். மூன்று வரிதான். அவள் அதை நின்றபடி இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ அந்தச் செல்களைப் போட்டுப் பார்த்தது பொழைக்கத் தெரியாத வேலை இல்லை. உன்னிடம் யாரும் கேட்கவில்லை, உனக்கே சந்தேகம் வந்து நீயே கேட்டுக்கொண்டாய். உன்னை அப்படிப் பெற்றதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், நீயோ என்னிடம் ஏச்சு வாங்கிக்கொண்டாய். நீ இதை மறைத்துக் கட்டுரை போய்விட்டால் வேறு ஊர்களில் எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கட்டுரையை நம்பி அதே மருந்தை வாங்கி, அதே கையைத் தேடிக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். தங்களுக்கு ஏன் வரவில்லை என்று தங்கள் கையையே சந்தேகப்படுவார்கள். அவர்கள் யாருடைய பெயரும் உனக்குத் தெரியாது, ஜங்ஷனில் ஓடி வந்து கையைப் பிடிக்கவும் மாட்டார்கள். ஆனால் இருப்பார்கள். அந்த மருந்து கடைசியில் நோயாளி உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது எப்படிக் கொல்கிறது என்று தெரியாதவரை அதை மருந்து என்று சொல்லக் கூடாது என்று முதலில் எனக்குச் சொன்னவளே நீதான்.

சார் கோபப்படலாம். மூன்று வருடம் வீண் என்று சத்தம் போடலாம். போடட்டும், அவருக்கும் வயிறு எரியத்தானே செய்யும். ஜெர்மனிக்காரர்கள் கை விரித்தாலும் விரிக்கலாம். தெருவில் எல்லோரிடமும் பெருமை அடித்து வைத்தது நான், அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ ஜெர்மனி போக உன் அப்பா ஆசையாக வாங்கி வைத்த பெரிய பெட்டியில் போர்வை போட்டு வைத்துக்கொள்வோம். நீ வெறுங்கையோடு ரயிலை விட்டு இறங்கினாலும் இந்த வீட்டில் உனக்குத் தட்டு வைக்கப்பட்டிருக்கும். அந்த மூன்று தடவையும் வந்த முடிவுகளை எடுத்துக்கொண்டு இன்றைக்கே சாரிடம் போ. கட்டுரை நாளைக்குத்தான் போகிறது, இன்றைக்கு முழு நாள் இருக்கிறது. அவர் அறை வரை நடப்பது சுலபமில்லை, எனக்குத் தெரியும். நான் இருபது அடியையே நடக்காதவள்.

அம்மா பேச்சைத் தட்டாதே, தட்டாதே என்று சொல்லிச் சொல்லியே உன்னை வளர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் பேசினவளும் அம்மாதான். அவள் பேச்சைத் தட்டிவிடு, கண்ணு.

அம்மா